அரிப்பு மாளிகையும் முத்துக்குளிப்போர் உழைப்பும்

மன்னார் மாவட்டத்தின் முசலிக் கரையோரத்தில், அரிப்புக் கிராமத்துக்கு அண்மையில், கடல் அரித்த மேட்டின் விளிம்பில் சில செங்கற் சுவர்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றை மக்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ என்பர். ஆயின் அது அரசியொருத்தியின் கோட்டை அன்று. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த் (1798-1805) 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாளிகையின் சிதைவே அது. கிரேக்க பாணித் தூண்களால் ‘டொறிக்’ எனப் பெயர்பெற்றது.

இங்கிலாந்தின் பிரதமராயிருந்த நோர்த் பிரபுவின் மகனுக்கு, வறண்ட இக்கரையில் மாளிகை எதற்கு? விடை கடலில் உண்டு. 1796 இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பிரித்தானியருக்குப் பெருவருவாய் ஈட்டித் தந்தவற்றுள் முத்துச் சலாபம் முதன்மையானது. அதனை மேற்பார்வை செய்வதற்கான இருப்பிடமாகவே இம்மாளிகை அமைந்தது. எனவே இதன் அழகைக் குடியேற்றவாதப் பொருளாதாரத்திலிருந்து பிரித்து நோக்குதல் பொருந்தாது.

கடலில் இறங்கியவர்கள் கீழக்கரை, காயற்பட்டினம் முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரவரும், அராபியரும் ஆவர். கல்லின் பாரத்தால் ஆழத்துக்குச் சென்று, மூச்சடக்கிச் சிப்பி சேர்த்து, கயிற்றின் துணையுடன் மேலெழுவது அவர்கள் தொழில். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நடைமுறையில், கரைசேர்ந்த சிப்பிகள் மூன்று பங்காக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கே குளித்தவர்க்கு. உழைப்பின் மூன்றில் இரண்டைக் கவர்ந்துகொள்ளும் இவ்வுறவே சலாபத்தின் அடித்தளம். மாளிகைத் தூண்களின் மீது பளிங்குபோல் மின்னிய பூச்சும் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பே என்பது மனங்கொள்ளத்தக்கது.

சுரண்டல் பெருகியது, வளமோ நிலைக்கவில்லை. 1891 க்குப் பின் 1903 வரை சலாபம் நிகழவில்லை. 1905 இல் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருவாய் கிடைத்தது. மறு ஆண்டே பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்குத் தனியார் கம்பனியொன்றிடம் சென்றன. சில ஆண்டுகளுள் அக்கம்பனியும் நொடிந்தது. பின்னர் யப்பானின் வளர்ப்பு முத்து சந்தையை மாற்றியமைத்தது. சலாபம் மறைந்தபின் மாளிகையைப் பேணும் தேவையும் மறைந்தது. எஞ்சியதைக் கடல் கொண்டுசெல்கின்றது.

மக்கள் கற்பனை தேசாதிபதியை நீக்கிவிட்டு அல்லியை அங்கே அமர்த்தியமை, அந்நிய அதிகாரத்தை மறுத்த ஒரு செயல் எனலாம். எனினும் ஆள்வோர் ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரே அங்கு வந்தனர். முத்துக்குளித்தவனுக்கு அக்கதையிலும் இடமில்லை. முசலியின் முஸ்லிம் மக்கள் 1990 இல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதோடு, கரையின் வாய்மொழி நினைவுகளும் சிதறுண்டன. சுவர்களைக் காப்பது தொல்பொருளியலாளர் பணி. உழைத்தவர்களின் பாடல்களையும் தொழிற்சொற்களையும் முதியோரிடமிருந்து திரட்டுவது நமது பணியாகும், அது தாமதிக்கத்தக்கதன்று.