புள்ளிச் சிலம்பன்

மலைக்காட்டின் தரையிலேயே இரை தேடும் பூச்சியுண்ணிப் பறவை. விலங்கியல் பெயர் பெல்லோர்னியம் ரூஃபிசெப்ஸ். திருப்பதி மாவட்டத்தின் தலக்கோனா அருவிக் காட்டிலும் சேஷாசலம் மலையின் மூங்கில் புதர்களிலும் வாழ்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. செம்பழுப்பு உச்சந்தலை, வெளிறிய புருவக்கோடு, வெண்தொண்டை, மார்பில் நீளவாட்டில் பழுப்புக் கீற்றுகள்.

வில்லியம் சுவைன்சன் 1832இல் இதற்குப் பெயரிட்டார். தென்மேற்கு இந்தியாவின் துணையினத்தை 1839இல் விவரித்தவர் மதராஸ் படையின் மருத்துவர் தாமஸ் ஜெர்டன். பின்னர் நெல்லூரில் பணியாற்றியபோது யானாதி மக்களிடம் காட்டுயிர்ச் செய்திகளைக் கேட்டறிந்தவர் அவர். 1929இல் தொடங்கிய வெர்னே ஆய்வு, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளை முறையாகச் சேகரித்தது. ஹ்யூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் எழுதிய அதன் அறிக்கை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக வந்தது. கிழக்குப் பகுதியின் புள்ளிச் சிலம்பன்கள் வெளிறியவை என்று கண்டு, ஹுமாயூன் அப்துலாலி 1982இல் அவற்றைத் தனித் துணையினமாக்கினார்.

இவர்கள் நிறத்தையும் கீற்றையும் ஒப்பிட்டது பாடம் செய்த தோல்களில். காட்டில் இப்பறவையின் மார்பு எளிதில் கண்ணில் படாது. முதலில் கேட்பது சருகு புரளும் ஓசை. புதரடியில் ஒரு பறவை இலையை அலகால் புரட்டி, பூச்சியைக் கொத்தி, நான்கு எட்டு நடந்து மறைந்துவிடும். குளிர்காலத்தில் வலசை வரும் நெட்டைக்காலிகளுக்கும் மார்பில் கீற்றுகள் உண்டு. ஆனால் அவை வாலை மேலும் கீழும் ஆட்டும், விரட்டினால் மரக்கிளைக்குப் பறக்கும். சிலம்பனோ புதருக்குள்ளேயே நழுவும். கூட்டமாய்க் கத்தித் திரியும் தவிட்டுக்குருவிகளைப்போலன்றி, இது பெரும்பாலும் தனித்தோ இணையாகவோ இருக்கும். தொண்டையிறகுகளை உப்பவைத்து அது எழுப்பும் சீழ்க்கையே மிக உறுதியான அடையாளம். அதைப் பழகாமல் கீற்றுகளை மட்டும் நம்புவது போதாது.

காய்ந்த இலைகளால் பக்கவாயிலுள்ள உருண்டைக் கூட்டையும் தரையிலேயே கட்டுகிறது. ஆகவே சருகுதான் இதன் உணவும் வீடும். 1989இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேசுவரா தேசியப் பூங்காவும் 2010இல் அறிவிக்கப்பட்ட சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் இக்காடுகளைக் காக்கின்றன. இருந்தும் கோடைத்தீ ஓயவில்லை: 2014 மார்ச்சில் திருமலைக் காட்டுத்தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. பெருமரங்கள் தப்பும் சிறு தீயில்கூட முதலில் எரிவது சருகே.