டாக்டர் ராஜனும் 1936-ம்

ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் என்றால் எங்க ஊர்க்காரங்களுக்கு வேதாரண்ய யாத்திரைதான் ஞாபகம். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தொண்டர்களோடு கிளம்பியது இவருடைய திருச்சி வீட்டிலிருந்து. 1936-ஐ யாரும் சொல்றதில்லை. அந்த வருஷம் நகரசபைத் தலைவர் தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளருக்கு எதிராகப் போனார்னு பெரிய சண்டை. கட்சிக் கட்டுப்பாட்டை மீறினவர் என்று பெயர். ஆனாலும் 1937-ல் ராஜாஜி அவரையே சுகாதார, அறநிலைய மந்திரி ஆக்கினார். நட்புக்காகத்தான் என்பார்கள்.

எனக்கு அப்படி மட்டும் தோணலை. 1939-ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபோது அறநிலைய மந்திரி ஒரு ஸ்ரீரங்கத்து ஐயங்கார். வைதிகர்களின் கோபத்தைத் தாங்க, கட்டுப்பாட்டை மீறிப் பழகினவர்தான் வேணும். 1936-ல் குற்றமாகத் தெரிந்த குணம்தான் 1939-ல் உதவியிருக்கும்.