சேவல் கொண்டையிலிருந்து ரத்தப் பரிசோதனை வரை



இன்று ஆண்கள் வெளியே பேசக் கூச்சப்படும் விஷயம் ஒன்றின் வரலாறு. சோர்வு, தூக்கக்கேடு, தாம்பத்தியத்தில் நாட்டமின்மை என்று எது வந்தாலும் "ஆண்மைக் குறைவு" என்று பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் ஒட்டுகிறார்கள். "அளந்து பார்த்தீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. அதை அளக்கக் கற்றுக்கொள்ளவே மனிதனுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

1849-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்ட் என்ற பேராசிரியர் சேவல்களுக்குக் காயடித்தார். கொண்டை சுருங்கியது, கூவல் நின்றது, சண்டைக் குணம் போயிற்று. விதையை எடுத்து அதே சேவலின் வயிற்றுக்குள் வைத்தார். எல்லாம் திரும்பி வந்தன! விதையிலிருந்து ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலக்கிறது என்று புரிந்தது.

1889-இல் பாரிஸில் பிரௌன்-செக்கார் என்ற புகழ்பெற்ற மருத்துவ அறிஞர், தமது 72-ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். இளமை திரும்பிவிட்டது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். உலகெங்கும் அந்தச் சாறு பரவியது. ஆனால் தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்ததே மிகச் சொற்பம். அவர் உணர்ந்தது நம்பிக்கையின் பலம். அவர் பொய் சொல்லவில்லை. அளக்க வழியில்லை, அவ்வளவுதான்.

1935-இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் குழுவினர் காளை விதைகளிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு புட்டனான்ட், ருசிக்கா இருவரும் தனித்தனியே அதைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். 1939-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. அன்றைய அளவுகோல் என்ன தெரியுமா? காயடித்த சேவலின் கொண்டை எவ்வளவு வளர்கிறது என்பதுதான்!

மருந்து வந்துவிட்டது. யாருக்குக் கொடுப்பது? இதற்கு அழகான பதில் தந்தவர்கள் அமெரிக்காவின் ஹெல்லர், மையர்ஸ். 1944-இல் வெளியான அவர்களின் கட்டுரையில், ஒரே மாதிரி தொல்லை சொன்ன ஆண்களின் சிறுநீரைச் சோதித்தார்கள். விதை சரியாக வேலை செய்யாவிட்டால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைத் தூண்டும் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். அப்படி அதிகமாக இருந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி பலன் தந்தது. மற்றவர்களுக்குத் தரவில்லை. தொல்லை ஒன்று, காரணம் வேறு வேறு!

ரத்தத்தில் நேரடியாக அளப்பதுதான் பெரும்பாடு. ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்குதான் இது இருக்கிறது. வழி காட்டியவர்கள் நியூயார்க்கின் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன். கதிரியக்க அடையாளம் இட்ட ஹார்மோனையும் நோயாளியின் ஹார்மோனையும் ஒரே எதிர்ப்பொருளில் இடம்பிடிக்கப் போட்டியிட விட்டார்கள். பேருந்தில் இருக்கைகள் குறைவு. அடையாளச் சட்டை போட்டவர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று எண்ணினால், மற்றவர்கள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரியுமல்லவா? அதே கணக்கு. முதலில் இன்சுலினுக்கு வந்த முறை, பின்னர் டெஸ்டோஸ்டிரோனுக்கும் வந்தது. அவர்கள் இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. 1977-இல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. பெர்சன் 1972-லேயே காலமாகிவிட்டார்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த அளவுகோலை நாம் ஏன் பயன்படுத்தக் கூடாது? தொல்லை இருப்பவர்கள் மருத்துவரிடம் போங்கள். காலையில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும். மாலைக்குள் அளவு இறங்கிவிடும். காய்ச்சல், நோய் இருக்கும்போது வேண்டாம். ஒருமுறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்த பிறகே முடிவு. உண்மையில் குறைவென்றால், கோளாறு விதையிலா பிட்யூட்டரியிலா என்று அறிய எல்.எச்., எஃப்.எஸ்.எச். சோதனைகள். ஹெல்லரும் மையர்ஸும் சிறுநீரில் தேடியது இவற்றைத்தான். சோர்வுக்குச் சர்க்கரை, தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு கூடக் காரணமாக இருக்கலாம்.

சோதிக்காமல் ஊசி போட்டால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வருகிறதே என்று பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி குறையும். பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் இளைஞனுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு, யோசியுங்கள்.

வெட்கத்தால் சுவரொட்டியை நம்ப வேண்டாம். கூச்சத்தை ஒரு காலை வேளைக்கு ஒதுக்கி வையுங்கள். வீட்டிலுள்ள ஆண்களுக்கும் இதைப் படிக்கக் கொடுங்கள்.

அன்புடன், உங்கள் ஆசிரியர்.