பின்பக்கம் முடிச்சு கூடாது

போன வாரம் ரோமன் ரோலண்ட் வீதி வழியாக நடந்து வந்தபோது குளூனி கன்னியர் நடத்தும் எம்பிராய்டரி நிலையத்தின் வாசலில் சற்று நின்றேன். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீடு அது. உயரமான கூரை, பெரிய ஜன்னல்கள். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெள்ளைத் துணியில் பூ போட்டுக்கொண்டிருந்தார்கள். தலை குனிந்திருந்தது, வாய் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அறுபது வருடத்துக்கு முந்தைய எங்கள் முதலியார்பேட்டைத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது.

புதுச்சேரி வரலாறு என்றால் துய்ப்ளேக்ஸ், ஆனந்தரங்கப் பிள்ளை, கீழூர் வாக்கெடுப்பு என்றுதான் எழுதுகிறோம். நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். இன்று ஒரு திண்ணையின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது.

ஊசியும் நூலும் நம் ஊருக்குப் புதிதல்ல. நெசவும் சாயமும் இந்தக் கடற்கரையின் பழைய தொழில்கள். இங்கே நீலச் சாயம் தோய்த்த 'கினே' துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போயிருக்கிறது. ஆனால் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி வண்ண நூலால் பூவும் கொடியும் போடும் பிரெஞ்சுப் பாணி பூத்தையல் எங்கள் வீடுகளுக்குப் பெரும்பாலும் கன்னியர் மடப் பள்ளிகள் வழியாகத்தான் வந்தது. ஆன் மரி ஜவுகே என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1807-ல் தொடங்கிய குளூனி சூசையப்பர் சபையின் கன்னியர் 1827-ல் புதுச்சேரிக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். எழுத்தும் கணக்கும் ஜெபமும் போலவே கைவேலையும் அங்கே ஒரு பாடம். 'மசேர்' என்று நாங்கள் அழைத்த அந்தக் கன்னியரிடம் கற்றுக்கொண்ட பெண்கள் கல்யாணமாகிப் போன தெருவிலெல்லாம் அந்த வேலையும் கூடவே போயிற்று.

எங்கள் தெருவுக்கு அதைக் கொண்டுவந்தவர் சொல்தா வீட்டுச் சித்தி. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இந்தோசீனாவரை போய்த் திரும்பி, பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தார். நம் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்றுதானே சொல்வோம். சித்தி மடத்துப் பள்ளியில் படித்தவர். என் அம்மாவை 'அக்கா' என்று கூப்பிடுவார், அதனால் எங்களுக்குச் சித்தி. அவர்கள் கிறிஸ்தவர்கள், நாங்கள் இந்துக்கள். ஆனாலும் உறவுமுறை அப்படியே நிலைத்துவிட்டது.

மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, மாலை அடுப்பு மூட்டும் வரை ஒன்றரை மணி நேரம்தான் அம்மாவுக்குச் சொந்தம். நாங்கள் ஐந்து பிள்ளைகள். அப்பாவுக்கு மில் ஆபீசில் கணக்கு வேலை. தண்ணீர் தெருக் குழாயிலிருந்து, அரிசி மாவு ஆட்டுக்கல்லிலிருந்து. அந்த ஒன்றரை மணி நேரத்திலும் அம்மா சும்மா உட்கார்ந்தால் பாட்டி, "என்னா, வேல இல்லியா?" என்று கேட்பார். மடியில் துணியும் கையில் ஊசியும் இருந்தால் கேட்கமாட்டார். அது வேலைதானே!

இதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. இப்போது யோசித்தால், அந்தப் பூத்தையல் ஒரு அனுமதிச் சீட்டு. அம்மாவுக்குச் சிநேகிதி என்று ஒருத்தி இருக்கலாம், அவளோடு பேசலாம், சிரிக்கலாம், அழவும் செய்யலாம், கை மட்டும் நிற்கக்கூடாது. கை ஓடிக்கொண்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

திண்ணையில் நான்கு பேர் கூடுவார்கள். அம்மா, சித்தி, தெருக்கோடி பாயம்மா, பகல் ஷிப்ட் முடித்து வரும் மில் பெரியம்மா. பெரியம்மா விதவை. சிறு பெண்ணாக இருந்தபோதே மில்லில் சேர்ந்தவர். "அந்தக் காலத்துல இருட்டுல போயி இருட்டுல வருவோம், வீட்டு வாசலப் பகல்ல பாத்ததே கெடயாது" என்பார். அவர் சொன்ன அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு தேதி உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் போராடிய தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆசியாவிலேயே முதலில் இங்கேதான் என்று நம் ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஜூலை 30-ஐ இன்றும் தியாகிகள் தினமாக அனுசரிக்கிறோம். அந்தப் பன்னிரண்டு பேரை நினைக்கும்போதெல்லாம், மில் சங்கு ஊதியபின் பகல் வெளிச்சத்தில் எங்கள் திண்ணைக்கு வந்து ஊசி கோத்த பெரியம்மாவையும் சேர்த்தே நினைக்கிறேன். அந்த வெளிச்சம் இனாமாக வந்ததல்ல.

பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. படத்தை டிரேசிங் காகிதத்தில் வரைந்து கோடு நெடுக ஊசியால் நெருக்கமாகத் துளை போடுவது என் தங்கைகளின் வேலை. துளை போட்ட காகிதத்தைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் கரைத்த நீலத்தைப் பஞ்சால் ஒற்றித் தேய்த்தால், எடுத்துப் பார்க்கும்போது துணியில் பூ புள்ளி புள்ளியாக நிற்கும். மண்ணெண்ணெய் வாசனை காய்ந்தபின் போய்விடும். நவராத்திரி வந்தால் இதே கூட்டம் கொலுவுக்குக் காகிதக் கூழ் பிசையும். டிசம்பர் வந்தால் சித்தி வீட்டுக் குடிலுக்குப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்யும். கொலுவில் நின்ற செட்டியார் பொம்மை ஒரு வருடம் குடிலில் ஆட்டிடையனாக நின்றது. பாயம்மா அதற்கு ஒரு சின்னத் தலைப்பாகை தைத்துக் கொடுத்தார்.

என் பங்கு வேறு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சித்தப்பா சைகோனில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த தடித்த சிறு புத்தகம் ஒன்று சித்தியிடம் இருந்தது. தெரேஸ் த தில்மோன் என்ற அம்மையார் 1886-ல் எழுதி வெளியிட்ட கைவேலைக் கலைக்களஞ்சியம். சித்திக்குப் படம் புரியும், எழுத்து ஓடாது. பத்து வயதில் நான்தான் அந்தத் திண்ணையின் மொழிபெயர்ப்பாளன். 'புவேன் த ஷெனெத்' என்றால் சங்கிலித் தையல். 'புவேன் த தீழ்' என்றால் காம்புத் தையல். 'புவேன் த நெ' என்றால் முடிச்சுத் தையல். இந்த முடிச்சை ஆங்கிலத்தில் 'பிரெஞ்சு நாட்' என்பார்கள் என்று பின்னாளில் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை வெறும் முடிச்சு என்றுதான் சொல்கிறார்கள்!

நூல் டி.எம்.சி. 1746-ல் பிரான்சின் மியுலூஸ் நகரில் தொடங்கிய கம்பெனி. ஒரு கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. தேவைக்கு ஏற்ப இரண்டிழை, மூன்றிழை பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண். 310 கறுப்பு, 321 சிவப்பு. எங்கள் திண்ணையில் சிவப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், "அந்த முந்நூத்தி இருபத்தொண்ணக் குடு" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மாவுக்கும் எண் தெரியும்.

மசேர்மாரிடமிருந்து சித்தி கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. பின்பக்கம் முடிச்சு கூடாது. நூலைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் முடிச்சுப் போடாமல், பின்புறத் தையலுக்குள்ளேயே நுழைத்து மறைக்க வேண்டும். யார் வேலை முடித்தாலும் சித்தி முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார். முடிச்சு இருந்தால், "பிரிங்கக்கா" என்பார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே பிரிப்பார்.

1962 ஆகஸ்ட் 16. அன்றுதான் சட்டப்படியான மாற்றம் நடந்தது. 1954 நவம்பர் 1-லேயே நிர்வாகம் இந்தியாவிடம் வந்துவிட்டாலும், 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த ஆகஸ்டில்தான் அமலாயிற்று. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். இதைத்தான் 'ஒப்சியோன்' என்றோம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்பா ஆறு மாதமும் யோசித்தார். ஒரு நாள் போகலாம் என்பார், மறுநாள் எதற்கு என்பார். கடைசியில் எழுதிக் கொடுக்கவில்லை. சித்தி வீட்டில் யோசனையே இல்லை. பென்ஷன் பிரெஞ்சு, மனசும் பிரெஞ்சு.

ஒரு மத்தியானம் சித்தி என்னைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் அச்சிட்டிருந்த தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எனக்குப் பதினான்கு வயது. பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "பிள்ளைங்களப் பத்தி என்னா போட்டிருக்கு?" என்று கேட்டார். கல்யாணமாகாத, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் குடியுரிமையைத் தகப்பன் எழுதிக் கொடுப்பதே தீர்மானிக்கும், தகப்பன் இல்லாவிட்டால்தான் தாய் என்று சொன்னேன். சித்தி ஒன்றும் பேசவில்லை. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திண்ணையில் ஊசி நின்று நான் பார்த்தது அன்றுதான்.

எத்தனையோ தையலை அவருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் வேறு மாதிரி சொல்லியிருக்கலாமோ என்று சிறுவயதில் பல நாள் நினைத்ததுண்டு. சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

அப்போது நான்கு பேரும் ஒரு மேஜை விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலை, நான்கு மூலையிலும் ஒரே செம்பருத்திக் கொத்து. 1963 கடைசியில் சித்தி குடும்பம் பம்பாய் போய்க் கப்பலேறியபோது மூன்று மூலைகள் முடிந்திருந்தன. மூட்டை முடிச்சுக் கட்டும் அவசரத்தில் சித்தியின் மூலைதான் பாக்கி. அம்மா துணியை மடித்து அவர் பெட்டியில் வைத்து, "அங்க போயி முடி" என்றார்.

அதன்பிறகு கடிதம் வரும். சித்தி தமிழில்தான் எழுதுவார், நாலு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் உறைக்குள் ஒரு நூற்கண்டு இருக்கும். அம்மா பதில் எழுதச் சொல்லும்போது என்னென்னவோ சொல்லத் தொடங்கிவிட்டு, கடைசியில் வேண்டிய நூலின் எண்ணை மட்டும் எழுதச் சொல்வார். அந்த எண்ணுக்குரிய கண்டு அடுத்த கடிதத்தில் வரும். இரண்டு நாடு, இரண்டு குடியுரிமை, ஆனால் 321 இரண்டு பக்கமும் 321-தான்.

நான் பிரெஞ்சு படித்தவன், இந்திய அரசாங்கத்தில் வேலைக்குப் போக வேண்டியவன். இங்கிலீஷைப் புதிதாகக் கற்று 1969-ல் எல்.டி.சி. ஆனேன். 1975-ல் என் கல்யாணத்துக்குச் சித்தியிடமிருந்து பார்சல் வந்தது. பிரித்தால் அந்த மேஜை விரிப்பு! நான்கு மூலையும் முடிந்திருந்தது. முன்பக்கம் பார்த்தால் எது சித்தி பிற்பாடு போட்ட மூலை என்று சொல்லவே முடியாது. அதே எண், அதே சிவப்பு. பாயம்மாவும் பெரியம்மாவும் கூட வந்து தடவிப் பார்த்தார்கள்.

அம்மா மட்டும் பழக்கத்தில் துணியைத் திருப்பினார். மூன்று மூலை சுத்தம். நான்காவது மூலையில், சித்தியின் மூலையில், பத்துப் பன்னிரண்டு முடிச்சுகள்.

சித்தி அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியும். காலையில் பிள்ளைகளை அனுப்பி, வேலைக்குப் போய், வந்து சமைத்து, பிறகு இரவில் எடுத்திருப்பார் போலிருக்கிறது. நூலை நுழைத்து மறைக்க நேரமில்லை. அல்லது திருப்பிப் பார்க்க ஆள் இல்லை.

அம்மா அந்த முடிச்சுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு, "பாவம், தனியா ஒக்காந்து போட்டிருக்கா" என்றார். அவ்வளவுதான். பிரிக்கவில்லை.

அம்மா 1991-ல் காலமானார். சித்தி அதற்கு மூன்று வருடம் கழித்து, அங்கேயே. விரிப்பு என்னிடம் இருக்கிறது. விசேஷ நாளில் மேஜையில் போடுவோம். என் மருமகள் வேலைக்குப் போகிறவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போன ஞாயிறு அவளுடைய சிநேகிதி வந்திருந்தாள். இருவரும் சமையலறையில் நின்றபடியே பத்து நிமிடம் பேசிவிட்டுக் கலைந்தார்கள். ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். "வேலை கெடக்குது மாமா" என்றாள்.

அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணையும் வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் மர வளையமும் இரண்டு ஊசியும் எடுத்து வைத்தாயிற்று. தையலின் பேரெல்லாம் நான் சொல்லித் தருவேன். பின்பக்கம் முடிச்சு இருந்தாலும் பரவாயில்லை.