கண்மாய் வேலையும் ஆள் கணக்கும்: தாம்சனின் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

ஆள் ஆளாக நேரம் குறிக்கும் வழக்கம் ஆலையோடு வந்தது என்பதற்கு எல்லோரும் துணைக்கழைப்பது ஈ. பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரையை. முன்பு உழவரும் நெசவாளரும் வேலை முடியும்வரை உழைத்தார்கள். ஆலை வந்தபின் மணி முடியும்வரை உழைத்தார்கள். அவர் வாதத்தின் சாரம் இதுதான். அவர் காட்டும் சான்று அழகானது. 1700ஐ ஒட்டி இங்கிலாந்தின் குரௌலி இரும்பாலை வகுத்த விதிகளின்படி ஒவ்வோர் ஆளும் வந்த நேரமும் போன நேரமும் நிமிடக் கணக்கில் பதியப்பட்டன. காலை 5 முதல் இரவு 8 வரை 15 மணி. உணவு முதலியவற்றுக்கு ஒன்றரை மணி கழித்து, நிகரம் பதின்மூன்றரை. சாராயக் கடையில் இருந்த நேரம் மட்டுமல்ல, பாடிய நேரமும் செய்தி படித்த நேரமும்கூட உழைப்பில் சேராது.

ஹார்வி மில்லின் சங்கை வைத்து இதே கதையை மதுரைக்கும் எழுதிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளின் கணக்கு ஒன்று, கூட்டாகச் செய்யும் வேலையின் கணக்கு வேறு. தாம்சன் முன்னதை ஆலைக்கும் பின்னதை ஊருக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார். கூலிக்கு ஆள் வைத்ததுமே வேலைக்கணக்கு நேரக்கணக்காகத் திரும்பத் தொடங்கிவிடும் என்று அவரே சொல்வது உண்மை. ஆனால் கூலிக்கு ஒருவரையும் வைக்காத இடத்தில் ஆள் கணக்கு இருந்தால்?

இருந்தது. சென்னை மாகாணத்துக்கான 1858ஆம் ஆண்டின் முதலாம் சட்டம், 6ஆம் பிரிவு. குடிமராமத்தைப் பற்றியது. பாசன வேலையை ஊரார் கூட்டாகச் செய்வது வழக்கமாக உள்ள இடத்தில், ஊர்த் தலைவர் கூப்பிட்டும் தக்க காரணமின்றி வராதவர், தாம் கொடுக்கக் கடமைப்பட்ட உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டவேண்டும் என்கிறது அது. கண்மாய்க்கரையை உயர்த்துவது ஊரின் வேலை. அதில் முதலாளி இல்லை, சம்பளம் இல்லை. ஆயினும் வராத ஒருவரின் பங்கைத் தனியே பிரித்து விலை போட முடிந்தது. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு ஊரில் முன்பே இல்லாவிட்டால் அந்த இரண்டு மடங்கை எதன்மேல் கணக்கிடுவது? (மிகைநேர வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு சொன்னது. அதே இரண்டு மடங்கு, இம்முறை உழைப்பவர் பக்கம்.)

இந்தச் சான்று மெலிந்தது என்பதை மறைக்கவில்லை. அந்தப் பிரிவு நடைமுறையில் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. அது சுட்டும் வழக்கம் எத்தனை பழையது என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. மதிப்பு நாளால் போடப்பட்டதா, வெட்டிய மண்ணால் போடப்பட்டதா என்பதும் வாசகத்தில் இல்லை. மண்ணால் என்றால் தாம்சன் பாதி தப்பிவிடுவார். பாதிதான்: அளவுகோல் எதுவானாலும் பேர் பேராகப் பற்று இருந்தது.

ஆலைக்குள்ளும் அவர் சொல்வதுபோல் ஆள் தனித்து நிற்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வேலைநேரம் இல்லாத ஆலையில், 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு தொழிலாளரை வேலையின் தன்மைப்படி குழுக்களாகப் பிரித்து, குழுவுக்குத்தான் நேரம் குறிக்கச் சொன்னது. 62இன் பதிவேட்டில் பேருக்கு எதிரே அவர் எந்தக் குழு, எந்த ஷிஃப்ட் என்று எழுதவேண்டியிருந்தது. 63இன்படி, குறித்த நேரத்துக்கும் பதிவேட்டுக்கும் மாறாக அவரை வேலை வாங்க முடியாதிருந்தது. குரௌலியின் ஏடு நடந்ததைப் பதிந்தது. இந்தப் பதிவேடு நடக்கவேண்டியதை முன்கூட்டியே எழுதிவைத்தது. ஒருவரின் நாள் இங்கே குழுவின் திட்டத்திலிருந்து பிறந்தது.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலை குடிமராமத்தின் நேர் வாரிசு என்று நான் வாதிடவில்லை. பஞ்ச நிவாரண வேலைகளின் கும்பல் முறை அதற்கு நெருங்கிய மூதாதை. ஆனால் இரண்டு கணக்கும் மோதியது அங்கேதான். 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை நேர முத்திரையோடு படம் எடுப்பது கட்டாயமானது. கூலியோ அளந்த வேலையைப் பொறுத்திருந்தது. அளந்தது பெரும்பாலும் குழுவாக வெட்டிய மண்ணை. இரண்டு படத்திலும் நின்ற ஒருத்திக்கு, குழுவின் அளவு குறைந்தால் முழுக்கூலி கிடைக்கவில்லை. இரண்டாவது படத்துக்கு முன் போய்விட்டால், வெட்டிய மண் கண்முன் கிடந்தாலும் அன்றைய வருகை போனது. 1858இன் சட்டம் இரண்டில் ஒன்றைத்தான் கேட்டது.