மூளையுட் புகுந்த மின்வாய்

நரம்பானது தான் தாங்கிவரும் செய்தியை இரசாயனப் பொருளொன்றின் வாயிலாகவும் உறுப்புக்குக் கடத்தும் என்பதை 1921 இல் ஒட்டோ லோவி தவளையின் இதயத்தைக் கொண்டு நிறுவினார். 1950களின் பிற்பகுதியில் ஆர்விட் கார்ல்சன் டொபமைன் என்னும் பொருள் மூளையில் தனக்கெனத் தொழிலுடையது எனக் காட்டினார். ஆயின் அதனை அளத்தற்கு மூளையிழையத்தை அரைத்துச் சாறெடுக்க வேண்டியிருந்தது. உயிருள்ள மூளையிற் கணந்தோறும் நிகழும் மாற்றத்தை அம்முறை காட்டமாட்டாது.

டொபமைன் எளிதில் இலத்திரன்களை இழந்து ஒட்சியேற்றம் அடைவது. ஆகவே தக்க மின்வாயொன்று அருகிருப்பின், அவ்விலத்திரன்களையே மின்னோட்டமாக அளந்துவிடலாம். 1922 இல் பிராக் நகரில் ஹெய்ரொவ்ஸ்கி கண்ட இரச மின்வாய் இதற்கு உதவாது. நேர் அழுத்தத்தில் இரசமே ஒட்சியேறிவிடும். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்து ரால்ப் அடம்ஸ் காரீயத்தூளை எண்ணெயிற் குழைத்து, 1958 இல் காபன் பசை மின்வாயை ஆக்கினார். 1973 இல் அவரும் உடனுழைத்தோரும் அத்தகைய மின்வாயை எலியின் மூளையுட் செலுத்தினர். மின்னோட்டம் பிறந்தது. ஆனால் அது பெரும்பாலும் டொபமைனுக்கு உரியதன்று, அசுக்கோபிக் அமிலத்துக்கு உரியது! நாம் தோடம்பழத்திற் பெறும் உயிர்ச்சத்து சி தான் அது. மூளைத் திரவத்தில் அது டொபமைனினும் பன்மடங்கு மிகுதி. ஏறத்தாழ அதே மின்னழுத்தத்தில் ஒட்சியேறுவது. இத்துறையின் பிற்கால வரலாறு பெரிதும் இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்ற வரலாறே என்பது எமது கருத்து.

மின்னேற்றமே முதலிற் கைகொடுத்தது. உடற் சூழலில் டொபமைன் நேரேற்றமுடையது, அசுக்கோபேற்று எதிரேற்றமுடையது. எனவே 1984 இல் எதிரேற்றமுள்ள நஃபியன் படலத்தால் மின்வாயைப் போர்த்தனர், அசுக்கோபேற்று விலக்குண்டது. காபன் பசையும் மெல்ல வழக்கிழந்தது. சில மைக்குரோமீற்றர் தடிப்பேயுடைய காபன் நார் அதன் இடத்தைப் பெற, இழையத்துக்கு நேரும் ஊறும் குறைந்தது.

1991 இல் இயீஜிமா வெளியிட்ட காபன் நனோக்குழாய் அடுத்த படி. 1996 இல் பிரிட்டோ, சந்தானம், அஜயன் ஆகிய மூவர் அக்குழாய்களாலான மின்வாயில் டொபமைன் செவ்வனே ஒட்சியேறுவதை அறிவித்தனர். இத்தகைய நனோப்பொருட்களின் பரப்பில் இலத்திரன் விரைந்து கைமாறும். அதனால் கலந்து தோன்றிய இரு பொருட்களின் உச்சங்களும் விலகி நிற்கக் கூடும்.

எனினும், ஆய்வுகூடக் குவளையில் திருந்திய மின்வாய் மூளையுட் சென்றதும் புரதம் படிந்து உணர்திறன் குன்றுகின்றது. அங்ஙனம் குன்றிய மின்வாய் காட்டும் ஓட்டத்தை எத்துணைச் செறிவு எனக் கொள்வது என்பது இன்றும் ஆய்வாளரை வருத்தும் வினாவாகும்.