வெள்ளம் கரைத்து வருவது: கல்வராயன் மலையிலிருந்து வெள்ளாற்று முகம் வரை

தியாகதுருகத்துக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஐப்பசி, கார்த்திகையில் மலையில் அடைமழை பிடித்தால்தான் ஆறு என்ற பெயருக்குப் பொருள் வரும். முதலில் வருவது கலங்கல். நுரையும் சருகும் சுமந்த செந்நீர். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து அந்த நீரைத் தெளிய வைத்துக் குடித்தார்கள் நம் முன்னோர். வண்டலைப் படிய வைக்க அது போதும். தெளிந்த பிறகும் நீருக்குள் கரைந்தே நிற்கும் உப்புகள் வெள்ளம் பெருகும்போது கூடுமா, குறையுமா என்பது வேறு கேள்வி. அதற்கான விடையைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆய்வாளர்கள் பலமுறை திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

முதல் விடை எளியது: மழைநீர் ஏறக்குறைய தூய நீர், அது கலந்தால் உப்பு நீர்த்துப்போகும். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் சலைன் ஆற்றை வைத்து டூரம் 1953இல் வெளியிட்ட கட்டுரை இந்த வழியில் நடந்தது. பாயும் நீர் கூடக்கூட உப்பின் செறிவு இறங்கியது. ஆனால் 1960களில் கென்டக்கி, ஜார்ஜியா ஆறுகளை அளந்தவர்கள் ஒரு முரணைக் கண்டார்கள். வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் ஆற்றில் ஒரே அளவு நீர்தான் ஓடுகிறது. உப்பின் அளவோ வேறு வேறு. வரைபடத்தில் கோடு விழ வேண்டிய இடத்தில் வளையம் விழுந்தது.

திருப்பத்தைத் தந்தது நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்டு புரூக் காடு. அங்கே 1963இல் தொடங்கிய ஓடைநீர் வேதி அளவீட்டை வைத்து நோய் ஜான்சனும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். நீரோட்டம் பல்லாயிரம் மடங்கு ஏறி இறங்கியபோதும் சோடியமும் சிலிக்காவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத்தான் நீர்த்தன. கால்சியமும் மக்னீசியமும் பெரிதாக அசையவில்லை. நைட்ரேட், பொட்டாசியம், அலுமினியம் ஆகியவற்றின் செறிவோ கூடவே செய்தது. காரணம் நீர் வரும் வழியில் இருக்கிறது. சோடியமும் சிலிக்காவும் ஆழத்தில் பாறை சிதைந்து கரைபவை. நைட்ரேட்டும் பொட்டாசியமும் இலைமக்கிலும் மேல்மண்ணிலும் தங்குபவை. மழை வலுக்க வலுக்க நீர் மேல்மண் வழியாகவே பாய்கிறது. அங்குள்ளதை அள்ளிக்கொண்டு வருகிறது. கல்வராயனின் சார்னோக்கைட், நைஸ் பாறைகளுக்கும் இந்தத் தர்க்கம் பொருந்தும். கோடையில் ஊற்றுத் தோண்டி எடுக்கும் நீரில் பாறையின் கையெழுத்து இருக்கும். புதுவெள்ளத்தில் காட்டின் கையெழுத்து.

ஆனால் அந்த வெள்ளநீர் இன்று பெய்த மழைதானா? ஸ்கிளாஷும் ஃபார்வோல்டனும் 1979இல் ஐசோடோப்புகளைக் கொண்டு நீரின் வயதைப் பிரித்தபோது, கனடாவில் அவர்கள் ஆராய்ந்த ஓடைகளின் வெள்ளத்தில் பெரும்பங்கு, மழைக்கு முன்பே நிலத்துக்குள் இருந்த பழைய நீர் எனத் தெரிந்தது. புதிய மழை பழைய நீரைத் தள்ளி வெளியேற்றுகிறது. ஜேம்ஸ் கிர்ச்னர் 2003இல் இதை இரட்டைப் புதிர் என்றார்: மாதக்கணக்கில் மண்ணுக்குள் தேங்கியது எப்படிச் சில மணி நேரத்தில் வெளியேறுகிறது? எல்லாம் பழைய நீர் என்றால் அதன் வேதியியல் ஏன் மழைக்கேற்ப இவ்வளவு மாறுகிறது? எல்லோரும் ஒப்பும் விடை இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

குளிர்நாட்டு ஓடைகளின் பாடத்தை நம் காட்டாறுகளுக்கு அப்படியே ஒட்டுவதும் சரியில்லை என்பது என் கருத்து. ஹப்பர்டு புரூக்கைவிட நமக்கு நெருக்கமானது கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டிலுள்ள முலேஹோலே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இந்திய–பிரெஞ்சு நீர் அறிவியல் குழு கண்காணிக்கும், சுமார் 4 சதுர கிலோமீட்டர் நைஸ் நிலம் அது. அங்கே நிலத்தடி நீர்மட்டம் ஓடையின் அடியைவிட வெகு ஆழத்தில் இருப்பதால் ஓடைக்கு நிலத்தடி நீர் ஊட்டுவதில்லை. மழைக்காலத்தில் ஓடுவது மேற்பரப்பு நீரும் மண்ணிலிருந்து கசியும் நீருமே. மணிமுக்தா போன்ற ஆறுகளும் இதே போக்கில் இயங்கினால், சில நாள் வெள்ளமே ஆண்டு முழுமைக்குமான வேதிக் கணக்கைத் தீர்த்துவிடும்.

பெருவெள்ளம் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. 2011இல் ஐரீன் புயல் நியூயார்க் நகரின் குடிநீருக்கு ஊட்டும் எசோபஸ் ஓடையைத் தாக்கியபோது, ஆண்டு சராசரியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கரைந்த கரிமம் அந்த ஒரே வெள்ளத்தில் போனதாக யூனும் ரேமண்டும் கணக்கிட்டார்கள். நம் பக்கம், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அத்தகைய வெள்ளம் காட்டின் மக்கோடு நிற்காது. கரும்பு, நெல் வயல்களின் யூரியாவையும், ஊர்ச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கும். இழுக்க ஒன்றும் மிஞ்சாதபோதுதான் பழைய நீர்த்தல் விதி திரும்பி வரும்.

கல்வராயன் நீரின் கடைசிப் பதிவேடு கடற்கரையில் இருக்கிறது. கோமுகியைச் சேர்த்துக்கொண்ட மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து வெள்ளாற்றில் கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆற்றுமுகத்தை அளந்து வருகிறார்கள். கிருஷ்ணமூர்த்தியும் சுந்தரராஜும் 1973இல் வெளியிட்ட அளவாய்வு அவற்றுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் உவர்ப்பு சரிய, நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் உயர்வது அங்கே திரும்பத் திரும்பப் பதிவான காட்சி. அந்தச் சிலிக்கேட்டில் எவ்வளவு கல்வராயன் பாறையினது, எவ்வளவு வழியில் சேர்ந்தது என்று ஆற்றுமுகத்து அளவை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு ஆற்றின் மேற்பகுதியில், வெள்ளம் ஏறும் இரவிலேயே, சில மணிக்கொருமுறை நீரெடுக்க வேண்டும். வேல்ஸின் பிளின்லிமன் ஓடைகளில் 7 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தார்கள். மாதம் ஒரு குப்பி அள்ளுகிறவர் கையில் கிடைப்பது பெரும்பாலும் வெள்ளம் வடிந்தபிறகான தெளிந்த நீர்தான்.